குளிர்ச்சி, எடை, ஹார்மோன்: பெண் மூளை பற்றிய விளக்கங்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

காவிரிப் படுகையின் நெல் வயல்களில் நெடுங்காலமாக ஒரு வேலைப் பிரிவினை நிலவி வந்துள்ளது. ஏர் ஓட்டுதல், வரப்பு வெட்டுதல், நாற்றுப் பறித்தல் ஆகியவை ஆண்களுக்கு உரியன. நாற்று நடுதல், களை எடுத்தல் ஆகியவை பெண்களுக்கு உரியன. இதற்குக் காரணம் கேட்டால், பெண்ணின் விரல் நயமானது, அவளுக்குப் பொறுமை அதிகம், குனிந்து செய்யும் வேலை அவளுக்கு இயல்பு என்ற விடைகளே கிடைக்கும். பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாக இருந்தமைக்கும் அதே 'இயல்பு' துணைக்கு அழைக்கப்பட்டது.

இன்று படித்த வட்டாரங்களில் 'இயல்பு' என்ற சொல்லின் இடத்தை 'மூளை', 'ஹார்மோன்' என்ற சொற்கள் பிடித்துக்கொண்டுள்ளன. ஆண்கள் ஏன் செவிமடுப்பதில்லை, பெண்களுக்கு ஏன் வரைபடம் படிக்க வராது என்று விளக்கிய ஆலன் பீஸ், பார்பரா பீஸ் தம்பதியரின் நூல், ஆண் மூளை அமைப்புகளை அறியவும் பெண் மூளை பிறர் உணர்வை அறியவும் ஏற்றது என்று வாதிட்ட சைமன் பேரன்-கோஹனின் நூல் (2003), லூவான் பிரிசென்டைனின் 'பெண் மூளை' (2006) ஆகியவை உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. இவற்றின் சாரம் வார இதழ்கள் வழியாகவும் மேடைப் பேச்சுகள் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தது. கடன் ஒப்பந்தத்தில் ஓர் ஆணுடன் இரு பெண்களைச் சாட்சியாக்கும் திருமறை வசனத்திற்கும் இதனைக் கொண்டு 'அறிவியல் விளக்கம்' அளிக்கும் எழுத்துகள் நம் சமூகத்தில் பெருகின.

ஒரு மாணவி எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, ஒரு தொழிலாளிக்கு என்ன கூலி தருவது, ஒரு பெண்ணின் வாக்கை எவ்வளவு நம்புவது என்பனவெல்லாம் இவ்விளக்கங்களைச் சார்ந்து முடிவு செய்யப்படுகின்றன. எனவே இவற்றின் வரலாற்றையும் தகுதியையும் ஆராய்வது அவசியமாகிறது.

விளக்கம் மாறியது, முடிவு மாறவில்லை

பெண்ணின் அறிவுக்கு உடலில் காரணம் தேடும் முயற்சி ஹார்மோன்களைக் கண்டறிந்த பின்னர் தோன்றியது அன்று. கிரேக்க மருத்துவர் காலனின் கோட்பாட்டில் பெண்ணுடல் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்தது. ஆணுடல் வெப்பமும் உலர்வும் மிகுந்தது. இம்மருத்துவம் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு முஸ்லிம் உலகின் பொது அறிவாயிற்று. கி.பி. 1210இல் மறைந்த பேரறிஞர் ஃபக்ருத்தீன் ராஸி, சாட்சிய வசனத்திற்கு விரிவுரை எழுதியபோது, பெண்களின் உடற்கூறில் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்திருப்பதால் மறதி அவர்களிடம் மேலோங்கும் என்று காரணம் காட்டினார். அவர் காலத்தின் மிகச் சிறந்த அறிவியல் அதுவே. ஆனால் இன்று எந்த மருத்துவக் கல்லூரியிலும் மறதிக்குக் காரணமாக ஈரம் கற்பிக்கப்படுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரத்தின் இடத்திற்கு எடை வந்தது. டார்வினின் மாணாக்கர் எனத்தக்க ஜார்ஜ் ரோமானஸ், பெண்ணின் மூளை ஆணின் மூளையைவிடச் சராசரியாக ஐந்து அவுன்ஸ் குறைவு என்பதைக் கொண்டு, அறிவாற்றலிலும் அவள் குறைந்தவளாக இருப்பாள் என 1887இல் எழுதினார். உடலின் அளவுக்கும் மூளையின் அளவுக்கும் உள்ள தொடர்பு அவ்வாதத்தில் உரிய இடம் பெறவில்லை. இத்தகைய வாதங்களை எதிர்த்தெழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கார்டனர், தம் மூளையையே ஆய்வுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு எழுதிவைத்துவிட்டு 1925இல் மறைந்தார்.

எடைக்குப் பின் இணைப்பு வந்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை பெண்களுக்குப் பெரிது என்று 1982இல் ஓர் ஆய்வு கூறியது. அதற்கு ஆதாரமாக இருந்தவை 14 மூளைகளே. பின்னர் 49 ஆய்வுகளை ஒருங்கே வைத்து 1997இல் செய்த மதிப்பீட்டில் அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆயினும் 'பெண் இரு பக்க மூளையாலும் சிந்திக்கிறாள்' என்ற வாக்கியம் இன்றுவரை மேடைகளில் உலவுகின்றது.

ஈரம், எடை, இணைப்பு என விளக்கம் ஒவ்வொரு முறையும் மாறியுள்ளது. பெண்ணை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற முடிவு மட்டும் மாறவில்லை. முடிவு முன்னரே இருந்து, அதற்கான காரணம் காலந்தோறும் புதிதாகத் தேடப்பட்டது என்றே இதிலிருந்து ஊகிக்க வேண்டியுள்ளது.

உயிரியல் உண்மையில் கூறுவது

இவ்வாறு கூறுவதால் உயிரியல் வேறுபாடே இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. அதுவும் மற்றொரு பக்கத்தின் மிகைப்படுத்தலே ஆகும்.

கருவில் ஒய் குரோமோசோமின்மீது அமைந்துள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு (இது 1990இல் இனங்காணப்பட்டது) ஆறாம், ஏழாம் வாரங்களில் விந்தகம் உருவாவதைத் தொடங்கி வைக்கிறது. அடுத்த வாரங்களில் ஆண் கருவின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் வெகுவாக உயர்கிறது. இந்த ஹார்மோன் பிறப்புறுப்புகளை மட்டுமின்றி வளரும் மூளையையும் சென்றடைகிறது. கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தி 1959இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வில், அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்தபின் இனச்சேர்க்கையில் ஆணின் நடத்தையைக் காட்டின. ஹார்மோன் முதலில் மூளையை 'அமைக்கிறது', பருவத்தில் அதனை 'இயக்குகிறது' என்ற கோட்பாடு இதிலிருந்தே எழுந்தது. பாடும் பறவைகளில் ஆணின் மூளையில் பாட்டுக்குரிய பகுதிகள் பெண்ணினுடையதைவிட மிகப் பெரியன என்பது 1976இல் அறியப்பட்டது.

மனிதர்மீது இத்தகைய சோதனை செய்ய இயலாது. ஆனால் அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு கொண்ட சில பெண் குழந்தைகள் கருவிலேயே மிகுதியான ஆண் ஹார்மோன்களுக்கு உட்படுகின்றனர். இச்சிறுமியர் மற்றச் சிறுமியரைவிட வண்டி முதலான விளையாட்டுப் பொருள்களை அதிகம் விரும்புவதை 1992இல் வெளிவந்த ஆய்வும் பின்வந்த பல ஆய்வுகளும் காட்டியுள்ளன. அதே வேளையில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்கின்றனர். ஹார்மோன் விருப்பத்தை ஓரளவு சாய்க்கிறது என்பதை ஏற்கலாம். அது மனிதரை முழுமையாக வார்த்தெடுக்கிறது என்பதற்கு இதில் சான்றில்லை.

ஆணின் மூளை சராசரியாகப் பத்து விழுக்காட்டிற்குச் சற்று மேல் பெரிது. உறுப்பளவுகளில் வேறு சில சராசரி வேறுபாடுகளும் உள்ளன. மூளையின் மொத்த அளவைக் கணக்கில் கொண்டால் அவற்றுட் பல வெகுவாகக் குறைகின்றன. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, எல்லாப் பகுதிகளிலும் 'ஆண் தன்மை' மட்டுமோ 'பெண் தன்மை' மட்டுமோ கொண்ட மூளைகள் மிக அரிது. பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: ஒரு கணினி நிரல் மூளை இயக்கப் பதிவை மட்டும் கொண்டு அது ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை 90 விழுக்காட்டிற்கும் மேல் சரியாகக் கூறியது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும் உண்மையில் மறுப்பன அல்ல. கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம். அதைக் கொண்டு அவர் எழுதிய கருத்தின் தரத்தை அறிய முடியாது. மேலும், ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பங்குகொண்டவர்கள் இளம் பருவத்தினர். ஆணாகவும் பெண்ணாகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். அவர்களின் மூளையில் காணும் வேறுபாட்டில் கருவறையின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்பதை அப்பதிவு மட்டும் பிரித்துக் காட்டாது. பரப்பு நூல்கள் தாண்டிச் செல்லும் இடைவெளி இதுவே.

பிரிசென்டைனின் நூல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெண் நாளொன்றுக்கு 20,000 சொற்களும் ஆண் 7,000 சொற்களும் பேசுவதாக அந்நூல் கூறியது. மறு ஆண்டே, 396 மாணவர்களின் பேச்சைக் கருவியில் பதிவுசெய்து எண்ணிய ஆய்வு, இரு பாலாரும் ஏறத்தாழ 16,000 சொற்களே பேசுகின்றனர் என்று கண்டது. இன்னும் பெரிய அளவில் செய்யப்பட்டு 2025இல் வெளியான ஆய்வில், 25 முதல் 64 வயது வரையிலான பெண்கள் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசுவது தெரிந்தது. இளையோரிலும் முதியோரிலும் அத்தகைய தெளிவான இடைவெளி இல்லை. குழந்தை வளர்ப்பின் சுமை பெண்மீது விழும் வயதில் மட்டும் தோன்றும் ஒரு வேறுபாட்டை, பிறவியிலேயே அமைந்த மூளைப் பண்பு என்று கொள்வது எளிதன்று.

வயலும் வாசலும் தரும் சான்று

இக்கண்கொண்டு மீண்டும் காவிரிப் படுகையை நோக்குவோம். நடவு பெண்ணின் விரலுக்கும் பொறுமைக்கும் உரியது என்ற நம்பிக்கைக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு சோதனை தானாகவே நேர்ந்தது. உள்ளூரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது மேற்கு வங்கம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து ஆண் தொழிலாளர்கள் குழுக்குழுவாக வந்து தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நடுகின்றனர். அவர்களின் விரல்கள் நாற்றைப் பிடிக்க மறுக்கவில்லை. முதுகுகள் குனிய மறுக்கவில்லை. வேகத்திற்காகவே அவர்கள் விரும்பி அழைக்கப்படுகின்றனர். இதே வயல்களில் நடவு இயந்திரம் வந்தபோது, அதனை ஓட்டும் வேலை பெரும்பாலும் ஆண்களிடம் சென்றது. பெண்ணின் 'இயல்பான' தொழில் கருவி மாறியதும் ஆணின் 'இயல்பான' தொழிலாகிவிட்டது. இடையில் எவருடைய ஹார்மோனும் மாறவில்லை.

இடவுணர்வு பற்றிய வாதத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். ஓர் உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் தேர்வில் ஆண்கள் சராசரியாக முன்னிற்கின்றனர். அறிதிறன் வேறுபாடுகளுள் மிகத் தெளிவானது இது. கருவிலேயே இதற்கு வித்திடப்படுவதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் பத்து மணி நேரம் ஒருவகைக் கணினி விளையாட்டில் பயின்றதும் பெண்களின் பின்னடைவு பெரிதும் குறைந்ததை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேகாலயாவில் காசி, கார்பி என்னும் இரு பழங்குடியினரிடையே 1,200க்கும் மேற்பட்டோருக்கு ஓர் இணைப்புப் புதிர் கொடுக்கப்பட்டது. தந்தைவழிச் சமூகமான கார்பியரில் பெண்கள் ஆண்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர். சொத்து பெண்வழிச் செல்லும் காசியரில் அவ்வேறுபாடே இல்லை. 2011இல் வெளியான இவ்வாய்வு, அருகருகே வாழும் இரு மக்களிடையே நிகழ்த்தப்பட்டமையால் சிறப்புக்குரியது.

படுகையின் ஊர்களில் அண்டை வீட்டு வாசல்களில் நாள்தோறும் காணும் புள்ளிக் கோலத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக வளைந்து சென்று, திருப்பினாலும் மாறாத சமச்சீர் கொண்ட வடிவங்களைப் பெண்கள் எழுதுகோலின்றி, அளவுகோலின்றி, நினைவிலிருந்தே வரைகின்றனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் இவ்வடிவங்களின் இலக்கணத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். கோலம் போடும் கையை வைத்து மேற்சொன்ன சராசரி வேறுபாட்டை மறுத்துவிட முடியாது. ஆனால் எந்த இடவுணர்வை அளக்கிறோம், அதில் யார் பழகியவர் என்ற கேள்வி அளவுகோலுக்கு முன் எழ வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

நம் சமூகத்திலேயே இதனினும் நெருங்கிய சான்றுண்டு. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி போன்ற ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சஃபர் சென்றவர்கள். முன்பு மலாயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா. கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வரவு செலவு, நிலக் குத்தகை, வீடு கட்டுதல், வங்கி, பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் இல்லத்தரசியின் பொறுப்பாயின. கணக்கும் வழியறிதலும் பெண் மூளைக்கு வாரா என்ற கூற்றை எழுதியவர்கள் இவ்வூர்களைக் கண்டிருந்தால் சற்றுத் தயங்கியிருப்பர்.

வாழ்வுக்குச் செவிசாய்க்கும் ஹார்மோன்

பரப்பு நூல்களின் மற்றொரு குறை, ஹார்மோனை ஒருவழிப் பாதையாகக் காட்டுவது. ஹார்மோன் ஆணையிடும், மனிதர் கீழ்ப்படிவர் என்பதே அவற்றின் சித்திரம். பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை 2005 முதல் 2009 வரை தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அவர்களுள் மணமாகித் தந்தையானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் மற்றவர்களுடையதைவிட அதிகம் குறைந்தது. குழந்தையைக் கவனிப்பதில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் செலவிட்ட தந்தையரிடம் அது இன்னும் குறைந்திருந்தது. கருவுற்ற பெண்ணின் மூளையில் நிகழும் மாற்றங்கள் பேற்றுக்குப் பின் இரண்டு ஆண்டுகளேனும் நிலைப்பதைப் பார்சிலோனா ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மசக்கையும் பேறும் பெண்ணுக்கே உரியவை. ஆனால் குழந்தையை ஏந்தும் கை ஆணுடையதாக இருப்பினும் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. குழந்தை வளர்ப்பு ஆணின் ஹார்மோனுக்கு ஒவ்வாதது என்போர், அதனை அவன் செய்யும்போது அந்த ஹார்மோனுக்கு என்ன நேர்கிறது என்பதையும் கூற வேண்டும்.

சாட்சியமும் அறிவியலும்

இனிச் சாட்சிய வசனத்திற்கு வருவோம். ராஸியின் குளிர்ச்சி விளக்கத்தை முஹம்மது அப்துஹுவின் கருத்துகளைத் தாங்கிய 'அல்மனார்' விரிவுரை ஏற்கவில்லை. அக்காலப் பெண்கள் வணிகக் கொடுக்கல் வாங்கலில் ஈடுபடாமையால் அது பற்றிய நினைவு அவர்களிடம் வலுவாக இராது. தம் அன்றாட ஈடுபாட்டிலுள்ளவற்றை நன்கு நினைவிற் கொள்வது ஆண் பெண் இருபாலாரின் இயல்பு என்று அது காரணம் கண்டது. இதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு தைமிய்யாவும் இப்னுல் கையிமும், அவ்வசனம் கடன் கொடுப்பவர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளும் வழியைக் கூறுவது, நீதிபதியின் தீர்ப்பு முறையை அது வரையறுக்கவில்லை என்று வேறுபடுத்திக் காட்டினர். இவ்விளக்கங்களில் எதனை ஏற்பது என்பது மார்க்க அறிஞர்களின் ஆய்வுக்குரியது. எதற்கும் ஈஸ்ட்ரோஜன் தேவைப்படவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

மறதி பெண்ணின் பிறவிக் குணமாயின் ஹதீஸ் கலை அதனை முதலில் கண்டுகொண்டிருக்கும். ஏனெனில் அறிவிப்பாளரின் நினைவாற்றலை நுணுகி எடைபோட்ட கலை அது. அதிலோ ஒரு பெண்ணின் அறிவிப்பு ஓர் ஆணின் அறிவிப்புக்கு நிகராகவே கொள்ளப்பட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தவை 2,210 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்த கரீமா அல்மர்வஸிய்யாவிடம் கதீப் அல்பக்தாதி போன்ற பேரறிஞர்கள் பாடம் கேட்டனர். ஹதீஸ் துறைப் பெண்களின் வரலாற்றை அக்ரம் நத்வி 43 தொகுதிகளில் திரட்டி 2021இல் வெளியிட்டுள்ளார். இன்றைய மூளை நூலைக் கொண்டு திருமறைக்கு அரண் அமைக்க முனைவோர், இம்மரபு முழுவதையும் தம்மையறியாமலேயே கேள்விக்குள்ளாக்குகின்றனர். நாளை அந்த அறிவியல் திருத்தப்படும்போது, ஈரத்தைக் கைவிட்டதுபோல் அதனையும் கைவிட நேரும்.

தஞ்சை மாவட்டத்தின் பகுதியாக அன்றிருந்த நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்தவர். 'காதலா? கடமையா?' என்ற அவரது புதினம் 1938இல் வெளிவந்தபோது, குடந்தைக் கல்லூரியில் தமிழ் போதித்தவரும் ஏடுகளைத் தேடி அலைந்தவருமான உ.வே. சாமிநாதையரின் பாராட்டுரை அதில் இடம்பெற்றது. தமிழில் புதினம் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என அவர் போற்றப்படுகின்றார். ஒருவரின் வரலாறு சராசரியை நிறுவாது. எதிர்வாதம் செய்வோர் இதனை எடுத்துரைப்பது சரியே. ஆனால் மூன்றாம் வகுப்போடு ஒரு சிறுமியின் படிப்பை நிறுத்துவதற்கும் எந்தச் சராசரியும் நியாயம் ஆகாது. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. பள்ளி வாயிலில் நிற்பவளோ ஒரு தனிப் பெண்.

வேறுபாட்டை எங்குத் தேட வேண்டும்?

உயிரியல் வேறுபாட்டை உண்மையாகவே மதிப்போர் அதனை மருத்துவத்தில் தேட வேண்டும். மனச்சோர்வு பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம். பார்க்கின்சன் நோய் ஆண்களுக்கு அதிகம். ஆட்டிசம் சிறுவர்களிடமே மிகுதியாகக் கண்டறியப்படுவதால் அதனையுடைய சிறுமியர் பலர் கவனிக்கப்படாமல் விடப்படுகின்றனர். சோல்பிடெம் என்ற உறக்க மருந்து பெண்ணுடலில் மெதுவாகக் கரைவதால், அவர்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் பணித்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக இரு பாலாருக்கும் ஒரே அளவே பரிந்துரைக்கப்பட்டு வந்தது. பேற்றுக்குப் பின் ஹார்மோன்கள் சட்டென வீழ்வதைப் பற்றிய ஆய்வுகளிலிருந்தே பேறுகால மனச்சோர்வுக்கென முதல் தனி மருந்து 2019இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

நம் ஊர்களிலோ, பிள்ளை பெற்ற சில வாரங்களில் அழுது கொண்டும் உறங்காமலும் குழந்தையைத் தொட அஞ்சியும் இருக்கும் தாய்க்கு இன்றும் ஜின் தீண்டிற்று என்றோ திமிர் என்றோ பெயர் சூட்டப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் நினைவும் தளரும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. பெண்ணின் மூளையைப் பற்றி இவ்வளவு கவலை கொள்ளும் நம் மேடைகள், அந்த மூளைக்குச் செல்லும் இரத்தத்தைப் பற்றியும் பேறுகாலத்து மனத்தைப் பற்றியும் பேச முன்வருமாயின், ஹார்மோன் பற்றிய அறிவு நம் இல்லங்களுக்கு முதன்முறையாகப் பயன்படத் தொடங்கும்.